முதலில் ஓடியவள்

கவென்ட்ரி, இங்கிலாந்து
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நித்யஸ்ரீ எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான். மனதுதான் சரியில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சத்தம் போட்டீர்களாம். எடுக்க மாட்டேன். போனில் உங்களோடு பேசி ஜெயித்தவர்கள் நம் வீட்டில் யாரும் இல்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் "செரி செரி, லோடு வந்துருச்சு" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

போன மாதம் நான் ரக்பி ஊருக்குப் போய்வந்தேன். ரக்பி என்பது வெறும் ஆட்டத்தின் பேர் இல்லை அப்பா, ஓர் ஊரின் பேர். நம் ஊரிலிருந்து பொள்ளாச்சி எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் இங்கிருந்து. அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் பிறந்ததால் ஆட்டத்துக்கும் அந்தப் பேர் வந்தது. பள்ளிச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. வெப் எல்லிஸ் என்ற மாணவன் 1823இல் விதியை மதிக்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அப்படித்தான் இந்த ஆட்டம் தொடங்கியது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் போட்டோவைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். சிரிப்பதற்காக அனுப்பினேன். ஏன் சிரிப்பு என்பதையும் அதன் கீழேயே எழுதியிருந்தேன். அந்த ஆள் இறந்து நாலு வருடம் கழித்து, அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவர் எடுத்துவிட்ட கதை அது. பிறகு பழைய மாணவர்கள் கூடி விசாரித்தார்கள். ஒரு சாட்சியும் அகப்படவில்லை. ஆனாலும் கல்லை வைத்துவிட்டார்கள்.

நீங்கள் நான் எழுதியதைப் படிக்கவில்லை. கல்லை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்று நம் மைதானத்திலும் வைத்துவிட்டீர்கள்.

"இம்மைதானத்தில் முதன்முதலில் பந்தைக் கையில் எடுத்து ஓடி, கிணத்துக்கடவில் ரக்பி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் திரு. தனபால் அவர்களின் மகள் செல்வி நித்யஸ்ரீ." திறப்பு விழாப் படத்தில் உங்கள் கழுத்தில் மாலை. வாசலில் சந்தனத் தட்டும் கல்கண்டும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு நிற்பது யார் அப்பா? நம் லாரி ஓட்டும் அஃப்தாப் மாமாவின் மகள் ரம்ஷா. முதலில் ஓடியவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் கையிலேயே தட்டைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறீர்கள்.

கல்லை மாற்றுங்கள். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள் நித்யஸ்ரீ


கிணத்துக்கடவு
24 அக்டோபர் 2024

அன்பு மகள் அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா முட்டிக்கு எண்ணெய் போடுகிறாள், பரவாயில்லை. மழை பிடித்துக்கொண்டதால் களத்தில் தேங்காய் காயவில்லை. நீ ஸ்வெட்டர் போடுகிறாயா? காதை மூடு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பெற்றவனுக்கு இப்படி எழுதுவார்களா? லோடு வந்துவிட்டது என்று நான் வைத்துவிடுகிறேனாம். லோடு வராமல் நீ எப்படி இங்கிலாந்து போனாய்?

சூலூரிலிருந்து சீனிவாசலுவை வரவழைத்து, நல்ல கறுப்புக் கல்லாகப் பார்த்து வாங்கி, எழுத்துக்கு எழுத்து பக்கத்தில் நின்று கொத்த வைத்தேன். மாவட்ட ரக்பி சங்கத்தார் எல்லோரும் வந்தார்கள். அத்தனை பேரும் உன்னைப் பெருமையாகப் பேசினார்கள். நீ என்னவென்றால் சண்டைக்கு வருகிறாய்.

கோயில் நோம்பியில் முதல் மரியாதை யார் வீட்டுக்கு? நிலம் கொடுத்த வீட்டுக்கு. அது ஊர் முறை, நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அந்த மைதானம் யார் பேரில் இருக்கிறது? உன் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று நீ பிறந்த வருடமே உன் பேருக்குக் கிரயம் செய்தது. நிலத்துக்காரி பேர்தான் கல்லில் முதலில் வரும். முதலில் ஓடியது யார் என்று எவன் கேட்டான்? இனிமேல்தான் எவன் வந்து என்னைக் கேட்கப் போகிறான்?

அஃப்தாப்பே முன்வரிசையில் நின்று கைதட்டினான். பெத்த அப்பனுக்கே இல்லாத ரோஷம் உனக்கு எதற்கு அம்மணி? படிக்கப் போன இடத்தில் படிப்பைப் பார்.

இப்படிக்கு,
அப்பா


கவென்ட்ரி
9 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

ஸ்வெட்டர் போடுகிறேன். காதையும் மூடியிருக்கிறேன். ஆனாலும் அஃப்தாப் மாமா கைதட்டிய சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் லாரியை ஓட்டிப் பிழைக்கிறவர் உங்கள் விழாவில் கைதட்டாமல் வேறு என்ன செய்வார்? அதைப் போய் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

சாட்சி நீங்கள். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நானும் ரம்ஷாவும் அப்போது பத்தாவது படித்தோம். எடை மேடைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். களத்தை ஒட்டிய காலி இடத்தில் பள்ளிப் பையன்கள் கால்பந்து ஆடினார்கள். எங்கள் இருவரையும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, வெளியே ஓடும் பந்தை எடுத்துத் தரும் வேலை மட்டும் கொடுத்தார்கள். ரம்ஷா எடுத்தாள், தரவில்லை. லாரிக்குத் தேங்காய் ஏற்றும்போது ஆள் மாற்றி ஆள் வீசிப் பிடிப்பார்களே, அப்படி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பாதி வழியில் ஒருவன் காலைப் பிடித்து இழுத்து அவளை விழ வைத்தான். விழுந்தும் பந்தை விடவில்லை. நீங்கள் எழுந்து நின்று, "ஏய் புள்ள, பந்தக் கீழ போடு!" என்று கத்தினீர்கள். அவள் எழுந்து, மட்டைக் குவியல் வரைக்கும் ஓடிய பிறகுதான் கீழே வைத்தாள். பி.டி. சார் சிரித்துவிட்டு, "இதுக்குன்னே ஒரு ஆட்டம் இருக்குதுங்க" என்று உங்களிடம்தான் சொன்னார். அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் நான் விளையாட வந்தேன்.

அவள் ஓடியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஓரத்தில் நின்று அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தேன்.

பி.டி. சார் மாற்றலாகிப் போய்விட்டார். பையன்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஊரில் மிச்சம் இருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான். வெள்ளைக்காரர்களிடம் பார்த்தவர் ஒருவரும் இல்லை, அதனால் அவர்கள் கதை பிழைத்துக்கொண்டது. இங்கே கண்ணால் பார்த்தவரே பொய்யைக் கொத்த வைத்திருக்கிறார். அவர்களைவிட நீங்கள் மோசம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறேன். மாதம் முடிவதற்குள் பேரை மாற்றிவிட்டுப் பதில் போடுங்கள்.

அம்மாவை முட்டி மடக்கி உட்கார விடாதீர்கள்.

நித்யஸ்ரீ


கவென்ட்ரி
8 டிசம்பர் 2024

அப்பாவுக்கு,

நலம். உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்குமோ என்று பார்த்தேன். அம்மாவிடம் கேட்டேன், கடிதம் வந்து சேர்ந்து பல நாள் ஆகிறதாம். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்களாம்.

அதனால் நான் மாவட்டச் சங்கத்துக்கே எழுதிவிட்டேன். கல்லில் இருப்பது பொய், முதலில் ஓடியது ரம்ஷா, என் பேரை எடுக்க வேண்டும் என்று. உங்களுக்குத் தெரியாமல் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இனி அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.

நித்யஸ்ரீ


கிணத்துக்கடவு
27 டிசம்பர் 2024

அம்மணிக்கு,

அம்மா நலம். நானும் நலம்.

சங்கத்தார் வந்தார்கள். டீ குடித்தார்கள். நான்கு பேருக்கு முன்னால் மகள் எழுதியதை எனக்கே படித்துக் காட்டினார்கள். நன்றாக இருந்தது.

மைதானத்தில் இப்போது நல்ல புல். முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. ஆட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்.

அப்பா


கிணத்துக்கடவு
10 ஜனவரி 2025

நித்யாவுக்கு,

ரம்ஷா. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் இருப்பாய். வாட்ஸாப்பில் நீ அனுப்பிய எதையும் நான் திறக்கவில்லை. நீ இப்போது கடிதக்காரி ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், அதனால் நானும் காகிதத்திலேயே திட்டுகிறேன். விலாசம் உங்கள் அம்மா கொடுத்தார்கள்.

புல் வளர்ந்திருக்கிறது என்று உங்க அப்பா எழுதியிருப்பார். ஏன் வளர்ந்தது என்று எழுதியிருக்க மாட்டார். சங்கத்துக்காரர்கள் போன அன்றைக்கே கேட்டைப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. என்னிடம் ஆட்டம் பழகும் பிள்ளைகள் ஏழு பேரும் சாயந்திரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மார்ச்சில் மாநில அணிக்கான தேர்வு. நான் கயிற்று மில்லில் வேலை முடித்து ஓடிவந்து, அவர்களைப் பழைய தார் ரோட்டில் ஓடவிடுகிறேன். ஓடுகிறவளைப் பிடித்து விழ வைக்கும் டாக்கிளைத் தார் ரோட்டில் பழக்க முடியுமா? ஹர்ஷிணிக்கு முழங்கை உரிந்துபோய், அவள் அம்மா என்னைக் கேட்ட கேள்வியை உனக்கு எழுத முடியாது.

என் பேரைக் கல்லில் போடச் சொல்லி நான் உன்னிடம் கேட்டேனா? ஒரு போன் பண்ணி, "ரம்ஷா, இப்படிச் செய்யப் போறேன், உனக்குச் சம்மதமா" என்று கேட்டாயா? உன் பேரைப் போடும்போது உங்க அப்பா உன்னைக் கேட்கவில்லை. என் பேரைப் போடச் சொல்லும்போது நீ என்னைக் கேட்கவில்லை. அப்பனும் மகளும் ஒரே அச்சு.

நம் ஆட்டத்தில் முதல் விதி என்ன? பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருகிறவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துத்தான் தர வேண்டும். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பார்க்காமலே முன்னால் எறிந்துவிட்டாய். அது விழுந்தது எங்கள் மேலே.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் புள்ளி கிடையாதாம், கோலுக்கு உதைத்துப் பார்க்க அனுமதி மட்டும்தானாம், அதனால்தான் அதற்கு "ட்ரை" என்று பேர் வந்ததாம் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். எங்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான். விழுந்து எழுந்து எல்லாம் செய்தாலும் கிடைப்பது உங்க அப்பாவின் அனுமதி மட்டும்தான். அதையும் நீ கெடுத்துவிட்டாய்.

சந்தனத் தட்டைப் பற்றி நீ உங்க அப்பாவுக்கு எழுதியதை உங்க அம்மா தேடி எடுத்துப் படித்துவிட்டுச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு எரியவில்லை என்று நினைக்கிறாயா? வீட்டுக்கு வந்து தட்டு தேய்க்கிற மாதிரி கையைத் தேய்த்துக் கழுவினேன். எங்கள் வாப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் மைதானம் திறந்திருந்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எனக்குக் கல் வேண்டாம். கேட் திறக்க வேண்டும். முடிந்தால் அதைச் செய். முடியாவிட்டால் சும்மா இரு.

ரம்ஷா


கவென்ட்ரி
25 ஜனவரி 2025

ரம்ஷாவுக்கு,

வாப்பாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ஹர்ஷிணியின் கை ஆறிவிட்டதா?

நீ திட்டியது எல்லாம் சரி. எனக்குக் கோபம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. அறையைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

இந்த முறை கேட்டுவிட்டுச் செய்கிறேன். கேட்டைத் திறக்க எனக்கு ஒரு வழி தெரியும். அப்பாவுக்கு அது கசக்கும். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன், உன் பேரை இழுக்க மாட்டேன். சம்மதமா? காகிதம் வேண்டாம், சரி என்று ஒரு மெசேஜ் போடு.

நித்யா


கவென்ட்ரி
8 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்த பிறகும்.

மைதானம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் பேரில். நீங்களே எழுதியது. நிலத்துக்காரிக்குத்தான் முதல் மரியாதை என்றும் நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த மரியாதையை இப்போது கேட்கிறேன்.

பூட்டைத் திறங்கள். சாயந்திரம் பிள்ளைகள் வருவார்கள், புல்லை வெட்டிக் கொடுங்கள். திறக்காவிட்டால் ஜூனில் நான் வந்ததும் பத்திர ஆபீசுக்குப் போவேன், அந்த இடத்தை அந்தப் பிள்ளைகள் ஆடுவதற்கென்று எழுதி வைப்பேன். என் கல்யாணத்துக்கு என்று வைத்ததை இப்படிச் செய்தாளே என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன்.

நீங்கள் வேலை செய்து சேர்த்த நிலம் அது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் மேல் பாசம் இல்லாமலும் இல்லை. அது இருப்பதால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கல்லை வைத்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நித்யஸ்ரீ


கிணத்துக்கடவு
2 மார்ச் 2025

நித்யாவுக்கு,

சுகம்தானே? நாங்கள் சுகம், உடம்பெல்லாம் மண்.

கேட் திறந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. புல்லை உங்க அப்பாவே ஆள் விட்டு வெட்டினார். சாவியை என் கையில் தரவில்லை, கேட்டிலேயே தொங்க விட்டுவிட்டுப் போனார். ஹர்ஷிணியும் மானசாவும் தேர்வுக்குப் போகிறார்கள்.

கல்லைப் பற்றி அவர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அதை அவரே உனக்கு எழுதட்டும். எழுதாவிட்டால் ஜூனில் வந்து நேரில் பார்த்துக்கொள்.

உன் மேல் கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதி நீ வந்து டாக்கிள் வாங்கினால் தீரும்.

ரம்ஷா


கிணத்துக்கடவு
16 மார்ச் 2025

அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. வெயில் ஆரம்பித்துவிட்டது. அம்மா முட்டி வலி இல்லை என்று பொய் சொல்கிறாள். உனக்குப் பொய் பிடிக்காது என்பதால் எழுதுகிறேன்.

பூட்டை உன் பத்திரத்துக்குப் பயந்து திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தினமும் சாயந்திரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எடை மேடையில் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

சங்கத்தில் வேறு நோண்டிக்கொண்டே இருந்தார்கள். சீனிவாசலுவைக் கூப்பிட்டு உன் பேரை மட்டும் கொத்தி எடு என்றேன். "உங்க பேரும் சேந்து போயிருமுங்க, ரெண்டும் ஒரே வரில இருக்குது" என்றான். போகட்டும் என்றேன். பத்திரிகையில் போட்டோ வந்த கல் அது. இரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. முதன்முதலில் பந்தைக் கையில் எடுத்து ஓடி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் என்று எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு குழி.

அதில் அவள் பேரை வைத்துவிடலாம் என்று ரம்ஷாவைக் கூப்பிட்டேன். நானாகத்தான் கூப்பிட்டேன், நீ சொல்லி இல்லை. கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேரு வேண்டாங்க. குழி அப்படியே கெடக்கட்டும். யாருன்னு கேக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. பாத்தது நீங்கதானுங்களே" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் நிலத்தில், என் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கே வேலை வைக்கிறாள் பார்.

எவன் வந்து கேட்கப் போகிறான் என்று உனக்கு எழுதியிருந்தேன். இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். குழியைப் பார்த்தால் கேட்காமல் போவதில்லை. டீக்கடைக்காரன் கேட்டான், லோடு ஏற்ற வந்தவர்கள் கேட்டார்கள். வேலை கிடக்குது என்று நழுவிக்கொண்டிருந்தேன்.

நேற்று அஃப்தாப் வந்தான். வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க மொதலாளி, மொதல்ல ஓடுனது யாருங்க?" என்றான். அவனுக்குத் தெரியாதா? இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை அவன். ஏற்றுகிற ஆட்கள் தேங்காயை வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"உம் பொண்ணுதான்" என்றேன். அவன் நகரவில்லை. மறுபடியும் சொன்னேன். "ரம்ஷா. பந்தக் கீழ போடுன்னு நாந்தான் கத்துனேன். அவ போடல."

இந்த முறை அவன் கைதட்டவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தான், லோடு முடியும்வரை எதிரே பார்த்துக்கொண்டிருந்தான், எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஜூனில் வா, பேசிக்கொள்வோம். அதற்கு முன்னால் போனை எடு.

இப்படிக்கு,
அப்பா